டர்பனில் கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு: ‘சாலிட் மரம்’ என்ற வார்த்தையை பில்லில் எழுதி வாங்குங்கள்

டிசம்பரில் கைக்கு வந்த பதின்மூன்றாவது சம்பளத்திலிருந்து 6,200 ராண்ட் எடுத்து, என் அக்கா தன் மகளுக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தாள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குள் இருக்கும் ஒரு கடை. “முழுக்க சாலிட் மரம், மேல்பலகை ஸ்ப்ரூஸ், பின்பக்கமும் பக்கவாட்டும் மஹாகனி” என்று கடைக்காரர் சொன்னார். முதல் நாள் அக்கா விசாரித்தபோது வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதி அனுப்பியிருந்தார். சாலிட் என்றால் அடுக்கு ஒட்டாத முழு மரப்பலகை. ஆனால் கொடுத்தது லேமினேட், அதாவது மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய பிளைவுட். அதுவும் வாசிக்க முடியாத நிலையில். சரிசெய்யச் சொல்லிக் கொண்டுபோனால், இன்னும் 650 ராண்ட் வாங்கிக்கொண்டு மேலும் கெடுத்துக் கொடுத்தார்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. ஆனால் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் எத்தனையோ பிள்ளைகள் பஜனைக்கும் சர்ச்சுக்கும் பள்ளி நிகழ்ச்சிக்கும் என்று கிட்டார் கற்க ஆரம்பிக்கிறார்கள். அவர்களுடைய அம்மா அப்பா இதே பேச்சைக் கேட்டு இதே பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது பீட்டர்மரிட்ஸ்பர்க்கில். ஜனவரி தொடக்கத்தில் மருமகள், அதாவது அந்த அக்கா மகள், போன் செய்தாள். “மாமா, ரெண்டு நிமிஷத்துக்கு மேல அழுத்த முடியல. எஃப் கார்டு வரவே மாட்டேங்குது. எனக்குக் கை சரியில்லையோ?” என்றாள். எஃப் கார்டு என்பது ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்கும் ஸ்வரக் கூட்டு. பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுதான் ஃப்ரெட்) மேல் நிறுத்தி, தடித்த இ கம்பியின் அடிப்பக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். நாலு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. இரண்டரை இருந்தால் வசதியாக வாசிக்கலாம். மெல்லிய கம்பியில் இரண்டோ, அதற்குக் கொஞ்சம் குறைவாகவோ இருக்க வேண்டும். நாலு மில்லிமீட்டரில் பல வருடம் வாசித்தவனே திணறுவான். கையில் ஒரு குறையும் இல்லாத பிள்ளை, கை சரியில்லையோ என்று தன்னையே சந்தேகப்பட்டதுதான் எனக்கு இதில் மிகவும் வலித்தது. கற்றுக்கொள்ள ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களில் பலர் இப்படித்தான் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கிட்டாரின் குறையை யாருமே அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அக்கா கடைக்குப் போய்க் கேட்டாள். “புதுசா வாசிக்கிற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும், விரல் காய்த்துப்போனால் சரியாகிவிடும்” என்றார்கள். நாலு மில்லிமீட்டர் கணக்கைச் சொன்னதும், “அப்படியானால் செட்-அப் செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்” என்று 650 ராண்ட் வாங்கினார்கள். செட்-அப் என்றால் கம்பி உயரத்தையும் கழுத்தையும் வாசிக்க வசதியாகச் சரிசெய்யும் வேலை. புதுக் கிட்டாரை வாசிக்கும் நிலையில் கொடுப்பது விற்பவரின் வேலை. நல்ல கடைகள் விற்பதற்கு முன்பே இதைச் செய்துவிடும்.

தைப்பூசக் காவடிக்கு சாட்ஸ்வர்த் போனபோதுதான் அந்தக் கிட்டார் என் கைக்கு வந்தது. முதலில் பார்த்தது நடுவில் இருக்கும் வட்டத் துளையின் விளிம்பை. நீங்களும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். சாலிட் பலகை என்றால், மேலே ஓடும் மர ரேகைகள் விளிம்பில் அப்படியே கீழே இறங்கும், ஒரே மரத்துண்டை வெட்டிய அடையாளமாக. லேமினேட் என்றால் அந்த விளிம்பில் அடுக்குகள் தெரியும்; நடு அடுக்கின் ரேகை பெரும்பாலும் குறுக்கே ஓடும். இந்தக் கிட்டாரில் விளிம்புக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, சாயம் தேய்ந்த ஒரு இடத்தில் மூன்று அடுக்கும் தெளிவாகத் தெரிந்தன. சாயம் பூசிய எல்லாக் கிட்டாரும் ஏமாற்று அல்ல. விளிம்பு தெரியவில்லை என்றால், கடைக்காரர் சொல்வதை எழுத்தில் கேளுங்கள், அவ்வளவுதான். பின்பலகைக்கு வேறு வழி இருக்கிறது. வெளியே ஒரு முடிச்சோ வளைந்த ரேகையோ இருந்தால், துளை வழியாக உள்ளே பார்த்து அதே இடத்தில் அது தெரிகிறதா என்று ஒப்பிடுங்கள். இங்கே வெளியே ஒரு மரம், உள்ளே வேறு மரம்.

உள்ளே ஒட்டியிருந்த லேபிளில் ‘ஸ்ப்ரூஸ் டாப்’ என்று மட்டும்தான் இருந்தது. இதுதான் சூழ்ச்சி நடக்கும் இடம். ‘ஸ்ப்ரூஸ்’, ‘செலக்ட் ஸ்ப்ரூஸ்’ என்றெல்லாம் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் லேமினேட். சாலிட் பலகை போட்டவர், ‘சாலிட்’ என்ற வார்த்தையைக் கட்டாயம் எழுதுவார். அதற்குத்தானே அவர் கூடுதல் விலை கேட்கிறார். ஒரே கம்பெனியிலேயே இரண்டும் உண்டு. யமஹாவில் எஃப்310 லேமினேட், எஃப்ஜி800-க்கு மேல்பலகை சாலிட். ஃபெண்டரில் சிடி-60 லேமினேட், சிடி-60எஸ் சாலிட். அந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது வித்தியாசம். எஃப்ஜி800-க்கும் மேல்பலகை மட்டும்தான் சாலிட், பின்பக்கமும் பக்கவாட்டும் லேமினேட். அதனால் இந்த விலையில் புதுக் கிட்டாரைக் காட்டி யாராவது ‘முழுக்க சாலிட்’ என்றால், அந்தச் சொல்லே உங்களை உஷார்ப்படுத்த வேண்டும்.

இதைப் படித்துவிட்டு லேமினேட் என்றாலே மட்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் பையனாக இருந்தபோது தன் முதல் குழுவில் வாசித்த மலிவு லேமினேட் கிட்டார், காலோடோன் சாம்பியன், இந்த நாட்டில் செய்ததுதான். உள்ளே ‘பிளக்காது என்று உத்தரவாதம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் லேபிள் ஒட்டியிருக்கும். 1999-ல் லண்டன் ஏலத்தில் அது ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. மலிவுப் பொருள்தான், ஆனால் எதற்கு நல்லதோ அதைச் சொல்லி விற்றார்கள்.

அந்த ‘பிளக்காது’ என்பது நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் வரை ஈரப்பதம் உகந்தது. டர்பன் கோடையில் ஏசி இல்லாத வீட்டில் அதற்கு வாய்ப்பே இல்லை. சாலிட் பலகை ஈரத்தைக் குடித்து உப்பும். பலகை உப்பினால், கம்பிகளின் கீழ் நுனியை மாட்டியிருக்கும் பிரிட்ஜ் கட்டை மேலே எழும்பும், கம்பியும் உயரும். ஜோகன்னஸ்பர்க்கில் நேர்மாறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் காய்ந்த காற்று. மரம் சுருங்கி வெடிப்பு விடும், ஃப்ரெட் நுனிகள் கழுத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். அங்கே இருக்கும் சொந்தக்காரர் விற்கிறார் என்று வாங்கி வந்தால், இங்கே கொஞ்ச வாரம் இருந்த பிறகுதான் அதன் உண்மை நிலை தெரியும். லேமினேட் இந்த ஏற்ற இறக்கத்தை நன்றாகத் தாங்கும். சாலிட் பலகையின் ஒலி ஆழமானது, அது உண்மை; வாசிக்க வாசிக்க இன்னும் மெருகேறும் என்றும் வாசிப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் ஒழுங்காகச் செட்-அப் செய்த லேமினேட், கற்கும் பிள்ளைக்கு நல்ல துணை. டால்டாவை டால்டா என்று விற்றால் வாங்குபவருக்குக் குறை இல்லை. நெய் என்று சொல்லி நெய் விலை வாங்கியதுதான் இங்கே நடந்த குற்றம்.

அடுத்தது அந்த 650 ராண்ட் செட்-அப். கழுத்துக்குள் டிரஸ் ராட் என்று ஒரு உலோகத் தண்டு ஓடுகிறது. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய மட்டுமே அது இருக்கிறது. கம்பி உயரமாக இருக்கிறது என்று அதை முறுக்கினால், கழுத்து பின்பக்கம் வளைந்து முதல் நாலைந்து ஃப்ரெட்டில் கம்பி கரகரக்கும். இவர்கள் அதைத்தான் செய்திருந்தார்கள். கூடவே பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் வெள்ளைப் பட்டையான சாடிலை, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வெளியே தெரியும் அளவுக்குத் தேய்த்துவிட்டார்கள். இனி இறக்க இடமே இல்லை. தொட வேண்டிய நட் பள்ளங்களை, அதாவது கழுத்தின் மேல் நுனியில் கம்பிகள் உட்காரும் பட்டையின் பள்ளங்களை, தொடவே இல்லை. அவை உயரமாக இருந்ததால்தான் எஃப் கார்டு வரவில்லை. பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தேன், உள்ளே போனது. அதாவது பசை விட ஆரம்பித்துவிட்டது.

இவை அத்தனையையும் கடையிலேயே நின்று பார்த்துவிடலாம். மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பியைப் பாருங்கள். மயிரிழை இடைவெளி இருந்தால் நட் சரி. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்கு இடைவெளி இருந்தால் பள்ளம் உயரம். முதல் ஃப்ரெட்டையும் பதினான்காவது ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்தினால், ஏழாவதின் மேல் மிகச் சிறிய இடைவெளி இருக்க வேண்டும், கால் மில்லிமீட்டர் போல. ஒட்டிக்கொண்டிருந்தால் கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி, மணி போல ஒலிக்கும் ஹார்மோனிக் எடுங்கள், அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். டியூனரில் இரண்டும் ஒரே ஸ்வரமாகக் காட்ட வேண்டும். போனில் டியூனர் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசியுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் கிட்டாரைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

திரும்பக் கொடுக்கப் போனபோது, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டினார்கள். “லேமினேட்டும் மரம்தானே” என்றும் சொன்னார்கள். அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ன் 68-ஆம் எண் சட்டம், பிரிவு 56 இப்படிச் சொல்கிறது: குறையுள்ள பொருளை வாங்கி ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதை வாங்கியவர்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல. பொருளைப் பற்றித் தவறான தகவல் கொடுத்து விற்பதைப் பிரிவு 41 தடுக்கிறது. பழுது வேலையைத் தரமாகச் செய்யாவிட்டால் பிரிவு 54 இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். கடையை விட்டு வந்த பிறகு வேறு ஆளிடம் கொடுத்துச் சாடிலைத் தேய்த்தாலோ நட்டை வெட்டினாலோ, “நீங்கள் மாற்றிவிட்டீர்கள்” என்று கடை தப்பித்துக்கொள்ளச் சட்டமே வழி விடுகிறது. அதனால் குறை தெரிந்ததும் முதலில் படம் எடுங்கள், எழுத்தில் கடைக்குத் தெரிவியுங்கள், அதற்குப் பிறகு மற்றதைப் பாருங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான்: கெடுத்த வேலையைச் செய்ததும் அவர்களே, அதற்கு ரசீதும் இருந்தது.

வாட்ஸ்அப் செய்தியின் படம், துளை விளிம்பின் படம், பிரிவு எண்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதி அக்காவின் கையெழுத்தோடு கொடுத்தோம். கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு 6,200 ராண்டைத் திருப்பித் தந்தார்கள். செட்-அப் கட்டணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். அதற்காக நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். புகார் கொடுக்கப் பணம் கிடையாது, இணையத்திலேயே கொடுக்கலாம்.

பழைய கிட்டாரை ஒரு தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் உங்களுக்கு உதவாது. அங்கே உங்கள் கண்தான் பாதுகாப்பு. குறிப்பாக நைலான் கம்பிக்குச் செய்த கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீல் கம்பிகளின் மொத்த இழுவிசை எழுபது கிலோவை எட்டும். நைலானுக்குச் செய்த பிரிட்ஜ் அதைத் தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இணையத்தில் கடையிடம் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்ப 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் இடம் தருகிறது. அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.

மருமகளுக்கு இப்போது வேறு கடையில் ஒரு எஃப்310 வாங்கியிருக்கிறோம். லேமினேட் என்று சொல்லியே விற்றார்கள், விலையும் முதல் கிட்டாரைவிடக் குறைவு. நட்டையும் சாடிலையும் எங்கள் கண்முன்னே சரிசெய்து கொடுத்தார்கள். கம்பி நீளம் 634 மில்லிமீட்டர், எஃப்ஜி800-இன் 650-ஐவிடக் குறைவு என்பதால் சின்னக் கைக்கு இன்னும் எளிது. எஃப் கார்டு வந்துவிட்டது.

நீங்கள் போகும்போது பில்லில் இவற்றை எழுதி வாங்குங்கள்: கம்பெனிப் பெயர், மாடல் எண் முழுதாக, மேல்பலகை சாலிட்டா லேமினேட்டா, செட்-அப் விலையில் சேர்ந்ததா. ‘அக்கூஸ்டிக் கிட்டார் – 1’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க், டர்பன் பக்கம் யாருக்காவது கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், சனிக்கிழமைகளில் வருகிறேன். 650 ராண்ட் புகாருக்கு முடிவு வந்ததும் அதையும் எழுதுகிறேன்.