ஒரே நேரத்தில் இரண்டு பலகை: எந்த ஆட்டத்துக்கு ரேட்டிங் தரலாம்?

செஸ் போட்டிகளில் ஒருவர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ரேட்டிங் ஆட்டங்களை, அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் குறிக்கும் எண்ணில் முடிவு சேரும் ஆட்டங்களை, ஆடலாமா என்ற கேள்விக்கு, உலகம் முழுவதற்கும் பொருந்தும் ஒற்றைப் பதில் கிடையாது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் போட்டிகளின் நேரடி ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரு சமயத்தில் ஒரு பலகை என்பதே நடைமுறை. அஞ்சல்வழிச் செஸ்ஸிலோ பல ஆட்டங்களை ஒருசேர ஆடுவதுதான் இயல்பு. இவை இரண்டுக்கும் நடுவே, ஒருவரே பலரை எதிர்த்து ஆடும் சைமல் எனப்படும் பல பலகைக் காட்சி ஆட்டமும், பாஸ்க் முறை என்ற இரட்டைப் பலகை ஆட்டமும், ஆள் குறையும்போது அமெரிக்கப் போட்டிகள் கையாளும் சில மாற்று ஏற்பாடுகளும் இருக்கின்றன. ரேட்டிங் என்ற எண் எதை அளக்க வந்ததோ அதை இவற்றுள் எது கெடுக்காமல் விடுகிறது என்பதே இந்த ஒப்பீட்டின் அளவுகோல்.

நடப்பு விதியிலிருந்து தொடங்குவோம். 2024 மார்ச் முதல் ஃபிடே கணக்கில், 2400 அல்லது அதற்கு மேல் ரேட்டிங் உள்ளவர் பங்கேற்கும் ஆட்டத்தில், 60 நகர்த்தல்கள் என்ற அடிப்படையில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 120 நிமிடம் இருந்தால்தான் அது கிளாசிக்கல் எனப்படும் நீண்ட நேர ஆட்டத்துக்கான ரேட்டிங்கில் சேரும். 1800-க்கு மேல் 90 நிமிடம், அதற்குக் கீழ் 60 நிமிடம். ஒரு நாளில் மொத்த ஆட்ட நேரம் 12 மணியைத் தாண்டக் கூடாது. தொட்ட காயை நகர்த்த வேண்டும், ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும், ஆட்டம் நடக்கும்போது வேறொரு பலகையில் எந்த ஆட்டத்தையும் ஆராயக் கூடாது என்பவை இவற்றோடு சேர்பவை. இந்த விதிகளை ஒன்றாக வைத்துப் படித்தால், அந்த நேரம் முழுவதும் ஆட்டக்காரரின் கவனம் ஒரே ஆட்டத்துக்கு உரியது என்ற அனுமானத்தின் மேல்தான் இவை எழுதப்பட்டிருக்கின்றன என்பது புலப்படும்.

சைமலின் மரபுகள் ஏறத்தாழ இவை அனைத்துக்கும் நேரெதிர். காட்சி ஆட்டக்காரர் எல்லாப் பலகைகளிலும் வழக்கமாக வெள்ளையே ஆடுவார். நகர்த்தல்களை எழுத மாட்டார். அடுத்த பலகைக்குப் போகும்வரை தம் நகர்த்தலை மாற்றிக்கொள்ளும் சலுகையைப் பல இடங்களில் அவருக்குத் தருகிறார்கள். எதிரில் இருப்பவர் அவர் வந்து நின்றவுடன் ஆட வேண்டும், ஆனால் சில முறை ‘பாஸ்’ சொல்லலாம். கடிகாரம் வைத்து நடக்கும் சைமல் இதைவிடக் கண்டிப்பானது. 1998-இல் உலகச் சாம்பியனாகப் புகழ்பெற்ற காஸ்பரோவ் இஸ்ரேல் அணியின் நால்வரை ஒரே நேரத்தில் எதிர்கொண்டு, இரண்டு சுற்றுகளில் 7–1 என்று வென்றது அந்த வகைதான். ஆனாலும் ஒரு பலகையில் அவர் சிந்தித்துக்கொண்டிருந்தபோது மற்றப் பலகைகளில் அவருடைய கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன; அந்த நிபந்தனையில் கிடைத்த வெற்றி வியப்புக்குரியதே ஒழிய, ஒருவருக்கு ஒருவர் ஆடிக் கிடைத்த முடிவோடு கூட்டிக் கணக்கிடத்தக்கது அன்று.

கூட்டினால் என்ன ஆகும் என்பதைப் போட்டே பார்க்கலாம். 2011-இல் ஈரானிய கிராண்ட்மாஸ்டர் எஹ்சான் காயேம் மகாமி 604 பேரோடு சைமல் ஆடி, 580 வெற்றி, 16 டிரா, 8 தோல்வி என்ற சாதனையைச் செய்தார். எதிராளிகள் எல்லோரும் ரேட்டிங் பெற்றவர்கள், ஒவ்வொருவரும் அவரைவிட 400 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கியவர்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 400 புள்ளி வித்தியாசத்தில் எதிர்பார்க்கப்படும் மதிப்பெண் 0.92, கிடைத்த மதிப்பெண்ணுக்கும் (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை) எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் கே என்ற எண் அவர் தரத்தில் 10. ஒரு வெற்றிக்கு 0.8 புள்ளி கூடும், டிராவுக்கு 4.2 குறையும், தோல்விக்கு 9.2 குறையும். மொத்தம் கூட்டினால் ஒரே அமர்வில் 323 புள்ளி ஏற்றம் வருகிறது! நல்லவேளையாக, இன்றைய விதியில் இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. ஒரு ரேட்டிங் காலத்தில் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கே-யால் பெருக்கினால் 700-ஐத் தாண்டக் கூடாது என்பதால், 604 ஆட்டங்களுக்குக் கே 1 ஆகச் சுருங்கி, ஏற்றம் சுமார் 32 புள்ளியில் நின்றுவிடும். அந்த 32-உம் நியாயமாகாது. சாதனைக்கு ஏறக்குறைய 25 மணி நேரம் பிடித்தது; அதை 604-ஆல் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு அவர் செலவிட்டது இரண்டரை நிமிடம். விதி கேட்பதோ 120.

எண்ணிக்கையைவிட ஆபத்தான ஓட்டை ஒன்று உண்டு. 1800 ரேட்டிங் உள்ள ஒருவர், இரண்டு 2500 ஆட்டக்காரர்களுடன் ஒரே நேரத்தில், ஒரு பலகையில் வெள்ளையும் மறு பலகையில் கறுப்புமாக ஆடுகிறார் என்று கொள்ளுங்கள். முதல் கிராண்ட்மாஸ்டர் வெள்ளையில் ஆடியதை இரண்டாமவருக்கு எதிராகவும், அவர் கொடுத்த பதிலை முதலாமவருக்கு எதிராகவும் அப்படியே ஆடிவந்தால், உண்மையில் மோதிக்கொள்பவர்கள் அந்த இருவரே; நடுவில் இருப்பவர் வெறும் தபால்காரர். முடிவு எதுவானாலும் அவருக்கு இரண்டுக்கு ஒரு மதிப்பெண் நிச்சயம். எதிர்பார்ப்போ பலகைக்கு 0.08 வீதம் 0.16 மட்டுமே, கே 20 என்றால், எந்தத் திறமையும் காட்டாமல் 16.8 புள்ளி கைக்கு வந்துவிடும். பிரிட்டிஷ் மேடைக் கலைஞர் டெரன் பிரவுன் வலிமையான ஆட்டக்காரர்கள் ஒன்பது பேருடன் தொலைக்காட்சியில் ஆடி, அவர்களில் எட்டுப் பேரிடம் செய்துகாட்டியது இந்த வித்தையைத்தான். எல்லாப் பலகையிலும் ஒரே நிறம் என்ற சைமல் மரபு இந்த வழியை அடைத்துவிடுகிறது. ஆனால் ஒரே நிறத்தை மட்டும் ஆடும் போட்டிக்கு ரேட்டிங் தருவது வேறொரு கோணல்.

பாஸ்க் முறை இதைவிட யோசித்துச் செய்யப்பட்ட ஏற்பாடு. 2012-ஆம் ஆண்டு, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள டொனோஸ்தியா நகரின் செஸ் விழாவில் ஆடப்பட்ட இம்முறையில், அதே இருவர் இரண்டு பலகைகளில் ஒரே சமயத்தில் மோதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்றில் வெள்ளை, மற்றதில் கறுப்பு, பலகைக்கு ஒரு கடிகாரம். வெள்ளைக்குக் கிடைக்கும் சாதகம் அந்தச் சுற்றிலேயே சமனாகிவிடுகிறது, கவனச் சிதறலும் இருவருக்கும் ஒரே அளவு. இங்கும் எதிராளியைப் பார்த்து எழுதுவதுபோல ஆடலாமே என்று கேட்கலாம். ஆடலாம், ஆனால் அதற்கு விலை உண்டு: முதலில் நகர்த்தும் எதிராளி, அதாவது முந்தியவர், முதல் பலகையில் வெள்ளையாக யோசிக்கும் அதே நொடிகளில், நகல் எடுப்பவரின் வெள்ளைக் கடிகாரம் இரண்டாம் பலகையில் ஓடுகிறது, அவர் பார்த்துவிட்டுக் கையை நீட்டும் தாமதம் ஒவ்வொரு நகர்த்தலிலும் கூடிக்கொண்டே போகும். முந்தியவர் பொறுமையாக நேரத்தைக் கரைத்தால், முதலில் விழுவது, அதாவது நேரம் தீர்ந்ததைக் காட்டுவது, நகல் எடுப்பவரின் கடிகாரக் கொடிதான். ஆகவே நேரடி ஆட்டத்துக்கான மாற்றுகளில், ரேட்டிங் கேட்கும் தகுதி எனக்குத் தெரிந்து பாஸ்க் முறைக்கு மட்டுமே இருக்கிறது. அதுவும் கிளாசிக்கல் பட்டியலில் அல்ல. குறைந்த நேர ஆட்டங்களான ரேபிடுக்கும் பிளிட்ஸுக்கும் 2012-இல் ஃபிடே தனிப் பட்டியல் கண்டதுபோல, இதற்கும் தனியாக ஒன்று வேண்டும்.

அஞ்சல்வழிச் செஸ்ஸில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. 1951-இல் தோன்றிய ஐசிசிஎஃப் என்ற உலக அஞ்சல்வழிச் செஸ் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளில், ஒரு பிரிவில் இருக்கும் ஒவ்வொருவரும் மற்ற அனைவருடனும் ஒரே காலத்தில் ஆடுகிறார்கள், பெரும்பாலும் அந்த ஆட்டங்களுக்கு ரேட்டிங் உண்டு. 10 நகர்த்தல்களுக்கு 50 நாள் என்பது அங்கே பழகிய அளவு. அவ்வளவு அவகாசத்தில் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் ஒன்றையொன்று நெருக்குவதில்லை. செஸ் ஆடும் கணினி நிரல்களான எஞ்சின்களுக்கே அனுமதி இருக்கும் களத்தில், வேறு பலகையில் ஆராயக் கூடாது என்ற தடைக்குப் பொருளும் இல்லை. லிசெஸ் என்ற இணையச் செஸ் தளமும் இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாக வைத்திருக்கிறது: நாள் கணக்கில் நடக்கும் ஆட்டங்களுக்குத் தனி ரேட்டிங் தருகிறது, சைமல் ஆட்டங்களை ரேட்டிங் இல்லாத ஆட்டங்களாகவே வைக்கிறது.

ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஆட்கள் சேர்ந்தால் ஒருவர் ஆடாமல் உட்கார நேர்வது எந்தப் போட்டியிலும் உள்ள தொல்லை. இதற்கு அமெரிக்க விதிகள், போட்டியில் இல்லாத ஒருவரை ‘ஹவுஸ் பிளேயர்’ என்று அந்தச் சுற்றுக்கு மட்டும் அமர்த்தவும், முன்னதாக ஆட்டத்தை முடித்தவரை அடுத்த சுற்றின் ஆட்டத்துக்கு இப்போதே உட்கார வைக்கவும் இடம் தருகின்றன. இரண்டுமே நல்ல ஏற்பாடுகள், ஏனெனில் இரண்டிலும் ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கின்றன. தனியே நிற்கும் ஆட்டக்காரரைச் சமாதானப்படுத்த, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ‘அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று இரண்டாம் பலகையைத் தள்ளிவிடுவதற்கு இவற்றை முன்மாதிரியாகக் காட்ட முடியாது. அப்படி நடந்தால் அவருடைய முதல் எதிராளிக்குப் பாதிக் கவனத்தோடு ஆடுபவர் கிடைக்கிறார், அதே சுற்றில் பக்கத்துப் பலகையில் இருப்பவருக்கு முழுக் கவனத்தோடு ஆடுபவர் கிடைக்கிறார், பரிசுப் பட்டியலிலோ இருவரும் ஒரே வரிசையில் வருகிறார்கள். அத்தகைய சுற்றில், இரண்டாம் பலகையை ரேட்டிங் இல்லாத நட்பு ஆட்டமாக அறிவிப்பதுகூடப் போதாது. முதல் பலகை ஆட்டம் முடியும்வரை அதைத் தொடங்காமல் வைப்பதே ஆர்பிட்டர் எனப்படும் நடுவர் செய்யக்கூடியது.