விடியற்காலையில் விழுங்கிய மாத்திரை

மதுரையில் அப்பாவின் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து நான் லண்டன் திரும்பிப் பத்து நாள்களாகின்றன. ஆனால் அந்த ஒற்றை மாத்திரை இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது.

சேர்க்கைக் கவுன்டரில் ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, முன்பணம், ரத்தம் கொடுக்க ஆள் என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கியவர்கள், பிரஷர் மாத்திரையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக டெல்மிசார்ட்டன் போட்டு வரும் அப்பா, அறுவை சிகிச்சை அன்று விடியற்காலை 5 மணிக்கு, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்த அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டார். அருகிலேயே இருந்த எனக்கும் உறைக்கவில்லை. மாத்திரையின் நிறத்தைச் சொன்னாலே பெயர் சொல்லும் எங்கள் பழைய தெரு டாக்டர் இருந்திருந்தால், முதல் நாளே அதட்டி நிறுத்தியிருப்பார்.

லண்டனில் என் மாமனாருக்கு இதே சிகிச்சை நடந்தபோது, ஒரு செவிலியர் மாத்திரைகளையெல்லாம் மேசையில் பரப்பச் சொல்லி, எதை எந்த நாளில் நிறுத்துவது என்று எழுதியே கொடுத்தார். அந்த அறுவை சிகிச்சைத் தேதிக்காக 7 மாதம் காத்திருந்தோம் என்பதையும் மறைக்கக் கூடாது. மதுரையில் ஐந்தே நாள்.

அப்பாவின் இதயத்தில் வைத்த ரத்தக் குழாய் ஒட்டுகளெல்லாம் நன்றாகவே அமைந்தன. ஆனால் ஐசியு கண்ணாடி வழியாக நான் பார்த்தபோது திரையில் ரத்த அழுத்தம் 80/40 என்று தாழ்ந்திருந்தது. அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக இயங்கும் இயந்திரத்திலிருந்து மீள்பவர்கள் சிலருக்கு ரத்தக் குழாய்கள் தளர்ந்து, இதயம் ஒழுங்காகத் துடித்தாலும் அழுத்தம் நிற்காமல் போகும் என்றும், ஒரு நாளுக்கு மேல் உடலில் தங்கும் டெல்மிசார்ட்டன் அதைக் கூட்டியிருக்கலாம் என்றும் இளம் மயக்க மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சராசரி அழுத்தத்தை 65க்குக் குறையாமல் பிடித்து வைக்க, நார்அட்ரினலின் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக ஏறியது. சிறுநீரகம் தாங்குகிறதா என்று மணிக்கொரு முறை சிறுநீர்ப் பையை அளந்தார்கள். மூன்றாம் நாள் நாடித்துடிப்பு தாறுமாறாகி, அமியோடரோன் கொடுத்துச் சரிசெய்தார்கள். பைபாஸுக்குப் பின் பலருக்கும் வருவதுதான் என்றார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கொடுத்த நான்கு பக்க ஆங்கில அறிக்கையில் டெல்மிசார்ட்டனைத் தொடர்வதா, விடுவதா என்று ஒரு வரிகூட இல்லை. மறுபடியும் டோக்கன் வாங்கி, ஒன்றரை மணி நேரம் நின்று கேட்டபோது, ஒரு சிஸ்டர் மருத்துவரிடம் பேசிவிட்டு வந்து, அறிக்கையின் பின்புறத்தில் தமிழில் எழுதித் தந்தார்: “பிரஷர் மாத்திரை இப்போது வேண்டாம். அடுத்த முறை வரும்போது பார்க்கலாம்.”

அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அப்பாவின் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். அட்டையில் மீதி ஒன்பது இருந்தன.