வகுப்பறை வீடியோ அழைப்புக்கு வட்ட ஸ்பீக்கர்போன்: நெடுநாள் பயன்படுத்திய பின்

விலை இறங்கியதிலிருந்து "பள்ளிக்கு வாங்கலாமா?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். யூ.எஸ்.பி.யில் செருகும் அந்த வட்ட ஸ்பீக்கர்போனைத்தான். மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அது எப்படி உழைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒலி அருமை. மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே கருவிக்குள் இருப்பதால், தான் எழுப்பும் சத்தத்தை அதுவே கழித்துவிடுகிறது. மடிக்கணினி மைக்கோடு தனி ப்ளூடூத் ஸ்பீக்கரைச் சேர்த்தால் ஒலி தாமதமாகப் போய், எதிர்முனையில் பேசுகிறவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும் வாய்ப்பு அதிகம். இதில் அந்தத் தொல்லை இல்லை.

எரிச்சலெல்லாம் மியூட் பொத்தானில். மேற்பரப்பில் லேசாகத் தொட்டாலே வேலை செய்யும் வகை. கேள்வி கேட்க வரும் பிள்ளை குனிந்து விரலை வைத்தால் போதும், மைக் செத்துவிடும். சிவப்பு விளக்கு கூரையைப் பார்த்து எரியும், ஆசிரியர் கண்ணில் படாது. வீடியோ அழைப்புச் செயலியோ மைக் திறந்திருப்பதாகவே காட்டும். ஒரு வகுப்பு அழைப்பில், 2022-இல் ஒரு பகுதி கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பாக் விரிகுடாவின் கரையிலிருந்து ஒருவர் கடற்புல்லைக் கையில் பிடித்துக் காட்டுகிறார். "கடற்பசு இதைத்தான் தின்னுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்?" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் கேட்டு முடிக்கிறது. அங்கே ஒன்றுமே கேட்கவில்லை. மறுபடி கேளம்மா என்றால் பாதிக் குரல்தான் வருகிறது. இதை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

கைவைத்தியம் உண்டு. மியூட் குறியின் மேல் பிளாஸ்டிக் பாட்டில் மூடியைக் கவிழ்த்து, ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். நடுவில் காற்று இருப்பதால் தொடுதல் உறைக்காது. மைக் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். மியூட்டைக் கணினித் திரையிலேயே செய்துகொள்ளலாம்.

மைக் எட்டும் தூரமாகப் பெட்டியில் போட்டிருப்பது மின்விசிறி ஓடாத அறைக்கு. வகுப்பில் ஒரு மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். மேலே ஓடும் விசிறியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை மைக்கிடம் வரச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்னால், செயலியின் இரைச்சல் நீக்கம் அதையும் இரைச்சலாக எடுத்து வெட்டிவிடக்கூடும். ஜூமில் ஆடியோ அமைப்புகளுக்குப் போய் அதைக் குறைவு நிலையில் வையுங்கள். சாதாரண யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி மொத்தம் 5 மீட்டரைத் தாண்டினால் இணைப்பு விட்டு விட்டு வரலாம்.

ஜூம் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடம்தான், பாடவேளையும் ஏறக்குறைய அவ்வளவே. அதனால் ஒலிச் சோதனையை இடைவேளையிலேயே தனி அழைப்பில் முடித்துவிடுங்கள். கேள்விகளை முதல் நாளே வாங்கி, பத்தைத் தேர்ந்து, வரிசை எண் போட்ட சீட்டாகக் கொடுத்தால் யார் முதலில் என்ற தள்ளுமுள்ளு இருக்காது.

ஒலிக்கு முழு மதிப்பெண் போடுவேன். ஆனாலும் இந்த விலைக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். அழுத்தினால் அமுங்குகிற பொத்தானும், பக்கவாட்டில் தெரிகிற விளக்கும் உள்ள மாடலாகப் பாருங்கள். அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.