கர்னாலா, ஹிசாரா: ஹரியாணாவின் இரண்டு வேளாண் நகரங்கள்

நான் பணிபுரியும் விதை நிறுவனம் ஆறு ஆண்டுகளுக்கு முன், ஹரியாணாவில் அதற்கிருந்த ஆய்வுத் திடல்களைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது, எந்த ஊரில் குடியிருப்பது என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. நெல், கோதுமைத் திடல்கள் கிழக்கே கர்னாலைச் சுற்றியும், பருத்தி, கடுகுத் திடல்கள் மேற்கே ஹிசாரைச் சுற்றியும் இருந்ததால், எந்த ஊரில் இருந்தாலும் மற்றதற்கு வாரம் ஒருமுறை போய்வர வேண்டும் என்பது உறுதியாகத் தெரிந்தது. நான் கர்னாலைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் இங்கேதான் இருக்கிறேன். இடையில் ஒரு பருத்திப் பருவம் முழுவதும், அதாவது மே மாதத்திலிருந்து நவம்பர் வரை, ஹிசாரில் வீடு எடுத்துத் தங்கினேன். ஆகவே அவ்வூரின் கோடையையும் மழைக்காலத்தையும் உடனிருந்து பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதன் குளிர்காலத்தைப் பற்றி நான் சொல்வதை ஓரிரு நாள் பயணங்களில் பார்த்தவனின் சொல்லாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வருபவர்கள் இவ்விரண்டு ஊர்களையும் ஒப்பிட்டு என்னிடம் கேட்பதால், நான் தேர்ந்தெடுத்த காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

பொதுவான வசதிகளில் பெரிய வேறுபாடு இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இரண்டுமே ஏறக்குறைய 3 லட்சம் மக்கள் வாழும் நகரங்கள். பள்ளிகள், கடைகள், வாடகை ஆகியவற்றை வைத்து ஒன்றை ஏற்றியும் மற்றதைத் தாழ்த்தியும் சொல்ல முடியாது. மருத்துவக் கல்லூரி இரண்டு பக்கமும் உண்டு. கர்னாலில் இருப்பது, அவ்வூரில் பிறந்த விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவின் பெயரைத் தாங்கிய அரசுக் கல்லூரி. தில்லிக்குப் போய்வருவதில் கர்னாலுக்குத் தெளிவான வசதி இருக்கிறது. தில்லியிலிருந்து அம்பாலா செல்லும் முதன்மை இருப்புப்பாதையிலும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலும் அது அமைந்திருக்கிறது. ஊரை ஒட்டிச் செல்லும் அந்த நெடுஞ்சாலைதான் தெற்கே ஓசூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரியில் முடிகிறது என்பதை, இங்கே வந்த புதிதில் ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் நினைத்துக்கொள்வேன்.

வேளாண்மை சார்ந்த வேலைக்கு வருபவருக்குக் கர்னால் தரும் சூழல் சிறிய நகரங்களில் அரிதாகவே கிடைக்கும். 1923-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் 1955-இல் இங்கு இடம்பெயர்ந்தது. தார்ப்பார்க்கர் மாட்டோடு ஹோல்ஸ்டைன் இனத்தைக் கலந்து உருவாக்கிய 'கரண் ஃப்ரீஸ்' அங்கே பிறந்ததுதான். 2009-இல் குளோனிங் முறையில் எருமைக்கன்று ஈன்றெடுக்கப்பட்டதும் அங்கேதான். மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் 1969 முதல் செயல்படுகிறது. கோதுமைக்கும் பார்லிக்கும் தனி நிறுவனம், கால்நடை மரபு வளங்களுக்குத் தனி நிறுவனம் என்று எல்லாம் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருப்பதால், ஒரு கதிரில் ஐயம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு அன்று மாலைக்குள் அதை அறிந்தவரிடம் காட்டிவிட முடிகிறது. கோதுமை மணியைக் கருக்கும் ஒரு பூஞ்சண நோய், முதன்முதலில் இவ்வூரில் கண்டறியப்பட்டதால் உலகெங்கும் 'கர்னால் பன்ட்' என்று அழைக்கப்படுவதை வந்த புதிதில் ஒரு குறையாகவே நினைத்தேன். இந்த மண்ணில் பயிர் எவ்வளவு காலமாகக் கூர்ந்து கவனிக்கப்பட்டு வருகிறது என்பதற்கு அது சான்று என்று இப்போது கருதுகிறேன்.

கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் வட்டார மையமும் கர்னாலில் இருக்கிறது. கோவையின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்கு பூப்பதால் ஒட்டுச் சேர்க்கையை அங்கே செய்து, கிடைக்கும் விதையை வடக்கே கொண்டுவந்து, இங்குள்ள குளிரையும் வெயிலையும் தாங்குகின்றனவா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகள் பிடித்திருந்த 'கோ 0238' இந்த மையத்தில் தேர்வானதுதான். 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். அந்த ரகம் பின்னர் செவ்வழுகல் நோய்க்கு ஆளானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அக்டோபரில் மண்டிக்குப் போய்ப் பார்த்தால் கர்னாலின் வாழ்வு எதைச் சுற்றி இயங்குகிறது என்பது விளங்கிவிடும். டிராக்டர் டிராலிகளில் வந்து குவியும் நெல்லை ஆட்த்தியாக்கள் என்னும் தரகு வணிகர்கள் தத்தம் களத்தில் கொட்டிக் காயவைத்து, தூற்றி, சாக்குகளில் பிடிப்பார்கள். 'பர்மல்' என்று இவர்கள் அழைக்கும் சாதாரண நெல் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அரசுக் கொள்முதலில் போய்விடும். பாசுமதிக்கு அந்த ஆதரவு விலை கிடையாது என்பதால், ஆலைக்காரர்களும் ஏற்றுமதியாளர்களும் அன்றன்று கேட்கும் விலைதான் விலை. அருகிலுள்ள தராவடியின் பெயரில் ஒரு பழைய பாசுமதி ரகமே உண்டு. ஆலைகளில் 'சேலா' என்று கேட்டபோது ஏதோ புதுப்பொருள் என்று நினைத்தேன். நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்திக் குத்தும் அந்த அரிசி நம் வீட்டுப் புழுங்கல் அரிசியேதான். அதை உண்டாக்கும் உழவர்கள் தங்கள் வீட்டில் இரண்டு வேளையும் கோதுமை ரொட்டிதான் சாப்பிடுகிறார்கள் என்பதையும், அவர்களுக்கு நெல் முழுக்க முழுக்க விற்பனைப் பயிர் என்பதையும் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் ஆயிற்று.

இவையெல்லாம் கர்னாலை விரும்புவதற்கான காரணங்கள். ஆனால் நான் முடிவெடுத்தது தண்ணீரைப் பார்த்து. ஹரியாணா மக்கள் நிலத்தடி நீரை மீட்டா பானி, காரா பானி என்று இரண்டாகவே பிரித்துப் பேசுவார்கள். நாம் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்பதைப் போல. யமுனையை ஒட்டிய கர்னால் பகுதியில் நிலத்துக்கடியில் இருப்பது பெரும்பாலும் நல்ல தண்ணீர். மேற்கே போகப் போக அது உப்பாகிக்கொண்டே வந்து, ஹிசார்ப் பக்கம் பல இடங்களில் குடிக்கவோ பயிருக்குப் பாய்ச்சவோ ஆகாததாகிவிடுகிறது. மழையும் அங்கே குறைவு. ஆகவே ஹிசார் வாய்க்காலை நம்பி வாழும் ஊர். 1354-இல் பெரோஸ் ஷா துக்ளக் அந்த வறண்ட இடத்தில் கோட்டை கட்டி நகரமைத்தபோதே யமுனையிலிருந்து கால்வாய் வெட்டித்தான் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தப் பழைய கால்வாயின் வழியில் உருவானதே கர்னாலின் பக்கமாக ஓடும் இன்றைய மேற்கு யமுனைக் கால்வாய். அதன் ஹான்சிக் கிளையும் பக்ரா அணையின் நீரும் சேர்ந்துதான் இன்று ஹிசார் வட்டாரத்தைக் காப்பாற்றுகின்றன.

வீடு வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு அன்றாடச் செலவாகவும் உழைப்பாகவும் வந்து சேர்கிறது. ஹிசாரில் நான் இருந்த தெருவில், வாய்க்கால் ஓடும் நாட்களில் குடிநீர்த் தொட்டிகள் நிரம்பிக் குழாயில் நல்ல தண்ணீர் வரும். பராமரிப்புக்காகவோ முறை மாற்றத்துக்காகவோ வாய்க்கால் அடைபடும்போது ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறையும். அப்போது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைத்தான் தரை கழுவவும், துணி துவைக்கவும், ஏர்கூலரில் ஊற்றவும் வேண்டியிருந்தது. அந்த ஒரே பருவத்தில் கூலரின் புல்தட்டிகளை இரண்டு முறை மாற்றினேன். வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்து, காற்றே புகாத அளவுக்கு அவை இறுகிவிட்டன. குழாய் வாய்களும் குளியலறைப் பூவாளியும் மாதம் ஒருமுறை சுரண்ட வேண்டியிருந்தன. ஆர்.ஓ. கருவி அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது குடிக்கக் கிடைப்பதைவிடக் கழிவாகப் போவதே அதிகம். பருப்பு வேகாது. கர்னாலிலிருந்து தொட்டியோடு கொண்டுபோயிருந்த கறிவேப்பிலைச் செடியின் இலை விளிம்புகள் ஜூலைக்குள் தீய்ந்துவிட்டன. குளிரில் இலை உதிர்ந்தாலும் மார்ச் மாதத்தில் மறுபடி தளிர்க்கும் அதே செடி இப்போது கர்னால் வீட்டு முற்றத்தில் என் தோளுயரம் நிற்கிறது.

வயலிலும் கதை இதேதான், ஆனால் அங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. அதை இவ்விரண்டு ஊர்களையும் ஒப்பிடுபவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கர்னாலில் தண்ணீர் நல்லதாக இருப்பதால், நெல்லுக்காக அதை எல்லோரும் இறைக்கிறார்கள், அதனால் நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்குகிறது. ஹிசார்ப் பக்கம் தண்ணீர் உப்பாக இருப்பதால் அதை இறைப்பவர் குறைவு. வாய்க்காலில் வருவதோ கசிந்து மண்ணுக்குள் இறங்குகிறது, ஆகவே பல இடங்களில் நீர்மட்டம் மேலேறி, உப்பையும் வேர்மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் மண்ணில் உப்புச் சிக்கல் உண்டு என்றாலும் தீர்க்கும் வழி வேறு. கர்னால் வட்டாரத்தில் அரை நூற்றாண்டுக்கு முன் பரந்து கிடந்தவை களர் நிலங்கள், அதாவது சோடியம் மிகுந்து இறுகிப்போன மண். ஜிப்சம் இட்டு, அடியிலிருந்த நல்ல தண்ணீரைப் பாய்ச்சி, நெல் பயிரிட்டே அவற்றை மீட்டார்கள். ஹிசார்ப் பக்கத்து உவர் நிலத்துக்கு அந்த மருத்துவம் செல்லாது; மண்ணுக்கடியில் துளையிட்ட குழாய்களைப் பதித்து, உப்பு நீரை வடித்து வெளியேற்ற வேண்டும், வடித்ததைக் கொண்டுபோய் விடவும் ஓரிடம் வேண்டும். தனி உழவர் ஒருவரால் அது ஆகாது; ஊர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

கர்னாலின் தண்ணீர் கண்ணெதிரே குறைகிறது என்பதை மறைத்து இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டுக்காரரை ஊரார் எல்லோரும் 'தாவூ' என்றுதான் அழைப்பார்கள். நம் 'பெரியப்பா'தான் அது. அவர் இளைஞராக இருந்தபோது வயல்மேட்டிலேயே பம்பு வைத்து இறைத்திருக்கிறார். பிறகு குழி தோண்டி அதற்குள் பம்பை இறக்கினார். குழியை மேலும் ஆழமாக்கினார். கடைசியில் அதைக் கைவிட்டு நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறினார். நான் இங்கிருக்கும் ஆறு ஆண்டுகளில் அந்த மோட்டாரை இரண்டு முறை இன்னும் கீழே இறக்கியிருக்கிறார். ஜூன் 15-க்கு முன் நாற்று நடக்கூடாது என்று 2009-இல் ஹரியாணா அரசு இயற்றிய சட்டமும், நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறுபவருக்கு 2020 முதல் தரப்படும் ஊக்கத்தொகையும் இந்தச் சரிவைத் தடுக்கும் முயற்சிகள்தான். "தண்ணீர் இருக்கும்வரை நெல்லை விட மனம் வரவில்லை, மகனே, கோதுமையைப் போல இதற்கும் வாங்குவதற்கு ஆள் உறுதியாக இருக்கிறார்கள்" என்று தாவூ ஒருநாள் சொன்னார். கொள்முதல் உறுதி இல்லாத பயிருக்கு அவரை மாறச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

தண்ணீர் மிகுந்ததாலும் இவ்வூர் ஒருமுறை துன்பப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் இங்கிருந்த படைமுகாமில், கால்வாய்க் கசிவால் தேங்கிய சதுப்பிலிருந்து மலேரியா பரவியதால், 1840-களில் அந்த முகாமையே அம்பாலாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அன்று கைவிடப்பட்ட தேவாலயத்தின் கோபுரம் மட்டும் இன்றும் நிற்கிறது.

ஹிசார் யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். பருத்தியிலோ, எருமையிலோ, கடுகு, கொத்தவரை போன்ற வறட்சி தாங்கும் பயிர்களிலோ வேலை செய்பவர் தயங்காமல் ஹிசாருக்குப் போகலாம். 1809-இல் தொடங்கிய அரசுக் கால்நடைப் பண்ணை, சவுத்ரி சரண்சிங் பெயரிலுள்ள வேளாண் பல்கலைக்கழகம், லாலா லஜபதிராய் பெயரிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகம், எருமைகளுக்கென்றே 1985-இல் தொடங்கிய மத்திய ஆராய்ச்சி நிறுவனம் என்று அங்கும் பெரிய அறிவுச் சூழல் இருக்கிறது. நல்ல முர்ரா எருமையை, கறவையையும் கொம்பின் சுருளையும் பார்த்து விலை பேசும் மனிதர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அதிகம். மாலையில் வெயில் தணிந்தபின் வீசும் வறண்ட காற்றும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை மறைப்பில்லாத வெளியும் கர்னாலில் கிடைக்காதவை. பருத்தியின் ஆபத்தும் அதே அளவு பெரிது. வெள்ளை ஈ 2015-இல் செய்த சேதத்தை அங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள், இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ நான் இருந்த பருவத்திலேயே பல வயல்களைக் கெடுத்தது. வைக்கோல் எரிப்பின் புகை நவம்பரில் இரண்டு ஊர்களையும் சூழ்கிறது. கர்னாலில் நெல் மிகுதி என்பதால் அங்கே அது சற்றுக் கூடுதல் என்பது என் அனுபவம்.

குடும்பத்தோடு வந்து ஐந்தாறு ஆண்டுகள் இருக்கப்போகும் ஒருவருக்கு, வேலை இரண்டு ஊரிலும் சமமாக அமையுமானால், கர்னாலையே சொல்வேன். வீடு பார்க்கும்போது கர்னாலில் வாடகைக்கு முன்பாகவே ஆழ்துளைக் கிணறு எந்த ஆண்டு போட்டது, மோட்டார் இப்போது எத்தனை அடியில் இருக்கிறது, அதற்குக் கீழே இறக்க இன்னும் எத்தனை அடி மீதியிருக்கிறது என்று கேட்க வேண்டும். ஹிசாரில் கிணற்றைப் பற்றிக் கேட்பதில் பயன் குறைவு. தரைக்கடியில் உள்ள தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்றும், போன மே மாதம் வாய்க்கால் அடைபட்டபோது அந்த வீட்டில் எத்தனை நாள் தண்ணீர் இருந்தது என்றும் பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும்.