பௌலிங் மெஷினுடன் சில சீசன்கள்: டைமிங்குக்கு எவ்வளவு உதவுகிறது?

எங்கள் கிரிக்கெட் கிளப் நெட்ஸுக்கு (வலைப்பயிற்சிக்கு) இரண்டு சக்கர பௌலிங் மெஷின் வந்து சில சீசன்கள் ஆகின்றன. குழாயில் போடும் பந்தை, சுழலும் இரண்டு சக்கரங்கள் பிடித்து வீசும். வாங்கலாமா என்று மற்ற கிளப் நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கவர் டிரைவோ புல்லோ, ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப அடித்துக் கைக்குப் பழக்க இதற்கு ஈடு கிடையாது. டைமிங், அதாவது பந்து வரும் சரியான கணத்தில் மட்டையைக் கொண்டுவருவது, வேறு விஷயம்.

125 கி.மீ. வேகப் பந்து பேட்டரிடம் வந்து சேர சுமார் அரை நொடிதான். கண் பார்த்ததற்கு ஏற்ப கை மாற கிட்டத்தட்ட 0.2 நொடி வேண்டும். அதாவது, கடைசி ஆறேழு மீட்டரில் பந்து என்ன செய்தாலும் மட்டையைத் திருத்த நேரமில்லை; அதற்கு முன்பே மூளை கணித்திருக்க வேண்டும். ஆய்வாளர்கள் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பந்து பிட்ச் ஆகப்போகும் இடத்துக்கு பேட்டரின் கண் முன்கூட்டியே தாவுவதைப் பதிவு செய்தார்கள். திறமையானவருக்கு அந்தத் தாவல் இன்னும் சீக்கிரம். அந்த ஆய்வும் மெஷினை வைத்து நடந்ததுதான். ஆகவே, பந்து வெளிவந்த பிறகு நடக்கும் கணிப்பை மெஷின் நன்றாகவே வளர்க்கும்.

வெளிவருவதற்கு முந்தைய கணிப்புதான் சிக்கல். பௌலரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு எதுவும் இங்கே இல்லை. இருப்பது பந்தைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குழாயில் போடுபவரின் கை மட்டும். எங்கள் பையன்களைக் கவனித்திருக்கிறேன்: அந்தக் கை இறங்கும்போதே மட்டை மேலே போகும். போடுபவர் மாறினால் முதல் சில பந்துகள் எல்லோருக்கும் தாமதமாகும். மூளை அந்தக் கையையே பிடித்துக்கொண்டுவிட்டது.

அப்புறம், ஒரே வேகம். ஒவ்வொரு பந்திலும் நேர்ந்த பிழையை வைத்து அடுத்ததற்கான நேரத்தைத் திருத்திக்கொள்வதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. வேகம் மாறாவிட்டால் அது அந்த ஒரே நேரத்துக்குப் பழகிவிடும். 125-இலேயே ஆடிவிட்டு 115-ஐச் சந்தித்தால், பந்து 0.04 நொடிதான் தாமதமாக வருகிறது. முழு வேகத்தில் சுழலும் மட்டை அதற்குள் அரை மீட்டருக்கு மேல் போய்விடும். பந்து மிட்-ஆஃப் கைக்குக் கேட்ச்.

அதனால் இப்போதெல்லாம் சொல்லாமல் வேகத்தை மாற்றச் சொல்கிறேன். அதிலும் ஒரு குறை இருக்கிறது: சக்கரம் வேகம் குறையும்போது சத்தமும் இறங்கும், காது கூர்மையானவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மேட்ச் வாரத்தில் மெஷினைத் தொடுவதில்லை, சைடு ஆர்ம் (நுனியில் பந்தைப் பிடித்து வீசும் நீளக் கைப்பிடி) கொண்டு ஒருவர் வீசும் த்ரோடவுன் மட்டும்தான். அதில் வீசுபவரின் கை தெரிகிறது, வேகமும் பந்துக்குப் பந்து தானாக மாறுகிறது. இந்திய அணியின் பயிற்சியிலும் சைடு ஆர்முக்கு முக்கிய இடம் உண்டு.

இரண்டும் வாங்க வசதி இருந்தால் நல்லது. ஒன்றுக்குத்தான் பணம் என்றால், முதலில் சைடு ஆர்மை வாங்கி, அதை நன்றாக வீசத் தெரிந்த ஒருவரையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.