கதவைச் சாத்தினால் நெட் போகும் வீடு: செட்டிநாட்டு வீடுகளில் வைஃபை நீட்டிப்பு, நாள்பட்ட அனுபவம்

"பகல்ல நல்லாத்தான் இருக்கு. ராத்திரி ஆச்சுன்னா பின்கட்டுல சுத்தமா நெட் இல்ல." காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் புகார் வரும். லைன் கொடுத்த கம்பெனிக்கு போன் பறக்கும். ஆள் வந்து முகப்பில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டிவிட்டுப் போவார், அங்கே எல்லாம் சரியாகவே இருக்கும். கோளாறு லைனில் இல்லை, கதவில் இருக்கிறது.

செட்டிநாட்டு வீட்டின் தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். பகலில் கதவுகள் திறந்து கிடப்பதால் முகப்பு ரூட்டரின் சிக்னல் அந்த வழியே தடையில்லாமல் போய்விடுகிறது. இரவில் கனத்த தேக்குக் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டதும் வழி அடைபடுகிறது. சுவர் வழியாகப் போகலாம் என்றால், செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடிக்குக் குறையாத சுவர். ஐப்பசி கார்த்திகையில் ஈரம் குடித்த சுண்ணாம்புச் சுவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சிக்னலை விழுங்கும்.

இந்த வீடுகளில் சிக்னலைக் கூட்ட முயல்வது வீண் செலவு. கேபிளை உள்ளே கொண்டுபோய் வளவில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று அக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வைத்த வீடுகளில்தான் வருடக்கணக்கில் பேச்சு மூச்சில்லாமல் ஓடுகிறது. மற்ற வழிகளில் பாதி ஆறு மாதத்தில் அலுத்துப்போய்க் கழற்றி வைக்கப்படுகின்றன.

எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டால் சிக்னலை டிபிஎம் கணக்கில் காட்டும். ஐபோனில் ஏர்போர்ட் யுட்டிலிட்டி ஆப்பை நிறுவி, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும். எண் மைனஸில் வரும். பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை. வீடியோ கால் அறுபடாமல் ஓட மைனஸ் 67 வரை தாங்கும். மைனஸ் 75 தாண்டினால் வாட்ஸ்அப் செய்தி போகும், ஆச்சி பேராண்டி முகத்தைப் பார்த்துப் பேச முடியாது. ஒரு தடவை எல்லாக் கதவும் திறந்து, ஒரு தடவை சாத்தி, அறை அறையாக எழுதி வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே எங்கே கருவி வைக்க வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

நிறைய பேர் முதலில் வாங்குவது பிளக்கில் சொருகும் எக்ஸ்டெண்டர். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, கேபிள் இழுக்க வேண்டாம் என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். அதைச் சிக்னலே இல்லாத அறையில் சொருகுவதுதான் எல்லோரும் செய்வது. கிடைக்காத சிக்னலை அது எப்படி வாங்கிக் கொடுக்கும்? மைனஸ் 65க்குக் குறையாமல் கிடைக்கும் பாதிவழியில் அதை வைக்க வேண்டும். சரியாகவே வைத்தாலும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் கருவி என்றால் ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போகிறது, வேகம் பாதியாகும். இன்னொன்று, நிறைய மலிவு எக்ஸ்டெண்டர்களின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் தான். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஒற்றை அறையில் ஒரு போனுக்கு எக்ஸ்டெண்டர் போதும். பங்காளிகள் நாலு புள்ளியும் (குடும்பமும்) வந்து தங்கும் வீட்டுக்கு ஆகாது.

ஆறு ஆண்டெனா, எட்டு ஆண்டெனா வைத்த ரூட்டரும் இந்தச் சுவரை வெல்லாது. ரூட்டர் சத்தமாகப் பேசினால் போனுக்குக் கேட்கும், ஆனால் போன் திருப்பிப் பேசுவது ரூட்டருக்கு எட்ட வேண்டுமே. போனில் இருப்பது சின்ன ஆண்டெனா, குறைந்த சக்தி. ஃபுல் கோடு காட்டியும் எதுவும் லோட் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருப்பது பல சமயம் இதனால்தான். அதிக டிபிஐ, அதாவது அதிக கெயின் உள்ள ஆண்டெனா மாட்டினால் அலை படுக்கைவாட்டில் தட்டையாகப் பரவும். மாடியில் இருந்த சிக்னலும் குறைந்துபோகும்.

மின்கம்பி வழியாகவே நெட்டைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர் இங்கே சரிப்படுவதில்லை. கட்டுக்கு ஒரு மெயின் போர்டு, தனித்தனி ஃபேஸ், பழைய ஒயரிங் என்று இருக்கும் வீட்டில் அது தடுமாறும்.

பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் மெஷ் கதை வேறு. கேபிள் இல்லாமல் போட்டாலும் ஒன்றை முகப்பிலும் ஒன்றை வளவின் பட்டாலை மேடையிலும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்தால் நன்றாகவே ஓடும். இரண்டுக்கும் நடுவே கதவு மட்டும் வரக்கூடாது. வந்தால் இரவுப் புகார் திரும்பவும் ஆரம்பமாகும். கதவுக்கு மேலே உள்ள காற்றோட்ட ஜன்னல் உயரத்துக்குக் கருவியை ஏற்றிவிட்டால் ஓரளவு தப்பிக்கலாம். டிபி-லிங்க் கம்பெனியின் டெகோ மாதிரியான மெஷ் கருவிகளில் ஈதர்நெட் கேபிளைச் சொருகினால் அது தானாகவே காற்றுவழியை விட்டுக் கேபிள்வழிக்கு மாறிக்கொள்ளும். ஆகவே முதலில் மெஷ்ஷாக வாங்கி, பிறகு கேபிள் இழுத்துக்கொள்வது நல்ல திட்டம்.

காசு அதிகம் ஆகாத வழி ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. ஃபைபர் வந்து இறங்கும் பெட்டியை, அதாவது ஓஎன்டியை, முகப்பிலிருந்து வளவுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். முகப்பில் வைப்பது லைன்மேனின் வசதிக்காக மட்டும். ஃபைபர் டிராப் கேபிளை இன்னும் எண்பது, நூறு அடி உள்ளே இழுத்தால் ஒளி இழப்பு பெரிதாக ஒன்றும் ஆகாது. தூணைச் சுற்றி மடக்கி வளைத்தால்தான் இழப்பு. வளைவு குறைந்தது இரண்டு அங்குல ஆரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) பாருங்கள். மைனஸ் 25க்கு உள்ளே இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 தாண்டினால் மழைக்கு ஒருதரம், வெயிலுக்கு ஒருதரம் சிவப்பு விளக்கு எரியும்; ஸ்பிளைஸை, அதாவது ஃபைபர் ஒட்டை, மறுபடி போடச் சொல்ல வேண்டும்.

வளவில் எங்கே வைப்பது என்பதைக் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். அறைக் கதவுகள் எல்லாம் வளவைப் பார்த்துத் திறக்கின்றன, நடுவே வானம். சுவரைத் துளைக்காமல் கதவு வழியாகவே அறைக்குள் நுழைய அலைக்கு இதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. நீளமான வளவு என்றால் குறுக்குப் பக்கத்தில், பத்தியின் (தாழ்வாரத்தின்) ஓட்டுக்கூரைக்குக் கீழே, எட்டு ஒன்பது அடி உயரத்தில், சாரல் எட்டாத இடம் பார்த்து வையுங்கள். அங்கிருந்து இரண்டு வரிசைக் கதவுகளும் சாய்வாகத் தெரியும். பெல்ஜியம் கண்ணாடிக்கு எதிரே வேண்டாம். பின்னால் பூசிய உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். இரும்புப் பீரோ, எவர்சில்வர் பாத்திரம் அடுக்கிய அறையும் அப்படியே. வளவின் வான்வெளிக்குக் குரங்குக்காகப் பொடிக்கண் கம்பி வலை போட்டிருந்தால் மாடிக்குச் சிக்னல் அந்த வழியே ஏறாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அதைவிட மிகச் சிறிய கண் உள்ள வலை அதற்குத் தகடு மாதிரிதான். மாடிக்குத் தனியாக ஒன்று வைக்க வேண்டியதுதான்.

கேபிள் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கேட்6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரு வருடம் ஓடும், பிறகு கிரிம்ப் போட்ட, அதாவது பிளக்கைக் கடித்து மாட்டிய இடத்தில் ஒடியும். பிஓஈ முறையில், அதாவது லேன் கேபிள் வழியாகவே, மின்சாரம் அனுப்பினால் சூடாகும். வெயில் படும் இடத்துக்குக் கறுப்பு பிஈ (பாலிஎத்திலீன்) உறை போட்ட அவுட்டோர் கேபிள். உள்ளுக்குப் போடும் பிவிசி உறை இரண்டு சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துவிடும். மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தெருவுக்குத் தெரு நீண்ட வீட்டிலும் இது போதும்.

சுவரில் ஓட்டை போடுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வோம். மெருகேற்றிய அந்தச் சுண்ணாம்புப் பூச்சு ஹாமர் டிரில்லின் அதிர்வில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும். அதே பளபளப்பில் ஒட்டுப்போட்டுக் கொடுக்கும் கொத்தனார் இன்று சுலபத்தில் கிடைக்க மாட்டார். காற்றோட்ட ஜன்னல், உத்தரத்தின் மேல்விளிம்பு, நிலைக்கு மேலுள்ள இடைவெளி என்று வீட்டிலேயே நிறைய வழி உண்டு. பழைய மரக் கேசிங்கில் கரண்ட் ஒயரோடு சேர்த்துச் சொருகாதீர்கள், தனியாகப் போகட்டும். துளைத்தே ஆக வேண்டும் என்றால் ஹாமரை அணைத்துவிட்டு 8 மில்லிமீட்டர் பிட் போதும். பிளக் இல்லாத வெறுங்கேபிளை நுழைத்து மறுபக்கம் போய் கிரிம்ப் செய்யுங்கள். வெளிச்சுவர் என்றால் துளை வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும், இல்லையேல் மழைத்தண்ணீர் கேபிள் பிடித்து உள்ளே வரும்.

கிரிம்ப் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனையும் இதே வரிசை. நீல, பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டாலும் நெட் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும்; ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில் என்றால் நெட்டே வராது. 300க்குப் பணம் கட்டிவிட்டு 94, 95 மட்டும் வருகிறது என்றால் முதலில் பிளக்கைப் பாருங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரையே அக்சஸ் பாயிண்டாக்கலாம். லேப்டாப்பில் இணைத்து அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். மெயின் ரூட்டர் 192.168.1.1 என்று வைத்துக்கொண்டால் இது. அந்த எண்ணை மெயின் ரூட்டர் வேறு யாருக்கும் கொடுக்காதபடி அது கொடுக்கும் முகவரிப் பட்டியலை 10இலிருந்து தொடங்கச் செய்யுங்கள். பிறகு புது முகவரியில் நுழைந்து, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் உள்ளே நுழைய முடியாமல் ரீசெட் பின்னைத் தேட வேண்டிவரும். கேபிளை வான் (WAN) போர்ட்டில் சொருகாமல் லேன் போர்ட்டில் சொருகுங்கள். வான் போர்ட்டில் சொருகினால் நெட் ஓடும், ஆனால் பின்கட்டுப் போனுக்கு வளவு டிவியும் பிரிண்டரும் கண்ணில் படாது, இரண்டும் வேறு வேறு நெட்வொர்க் ஆகிவிடும். அக்சஸ் பாயிண்ட் மோட் என்று தனியாக இருந்தால் அதையே ஆன் செய்யுங்கள், இந்தச் சிரமம் எதுவும் இல்லை.

பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றும் எல்லாக் கருவியிலும் ஒன்றாக இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு: 2.4இல் 1, 6, 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். முகப்பிலிருந்து வளவுக்கு வந்த பிறகும் போன் பழைய ரூட்டரையே பிடித்துத் தொங்கினால், 2.4இன் சக்தியை மீடியத்துக்கு இறக்குங்கள். சக்தியைக் குறைத்தால் வீட்டில் நெட் நன்றாகிறது என்பதை நம்பப் பலருக்கு நாளாகும், செய்து பார்த்தால் தெரியும். சிசிடிவி கேமராக்கள் பல 2.4 மட்டுமே பிடிப்பவை, அவற்றுக்காக 2.4ஐ நிறுத்தாமல், டபிள்யூபிஏ2 முறையையும் விட்டுவைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கருவி போவது பெரும்பாலும் இடியால். அடாப்டரைப் பிடுங்கினாலும், திறந்த வெளியில் போகும் செம்புக் கேபிள் வழியாக லேன் போர்ட் வெந்துவிடும். அக்சஸ் பாயிண்ட் எரிந்தால் ஒன்றோடு போகும், ஸ்விட்ச் எரிந்தால் எல்லாம் போகும். ஆகவே தோட்டத்து வீடு, கார் ஷெட், பின்தெரு அவுட்ஹவுஸ் போன்றவற்றுக்குச் செம்பே வேண்டாம். உள்ளே எஃகுக்கம்பி இல்லாத ஃபைபர் டிராப் கேபிளும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டரும் போதும். ஒற்றை இழைக்கான கன்வெர்ட்டர் ஏ, பி என்று ஜோடியாக வரும். கடையில் இரண்டு ஏ கொடுத்துவிட்டால் எத்தனை தடவை சொருகினாலும் விளக்கு எரியாது. ஸ்பிளைஸை உள்ளூர்க் கேபிள்காரர் மெஷின் வைத்துப் போட்டுக் கொடுப்பார்.

மின்தடைக்குப் பிஓஈ ஸ்விட்ச் பெரிய உபகாரம். இன்வெர்ட்டர் லைனில் ஓஎன்டியும் ஸ்விட்ச்சும் இருந்தால் போதும், வீடெங்கும் உள்ள அக்சஸ் பாயிண்டுகளுக்கு லேன் கேபிளே மின்சாரம் கொண்டுபோகும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து கரண்ட் நிறுத்தும் நாளிலும் நெட் நிற்காது. 802.3ஏஎஃப் என்று போட்டதையே வாங்குங்கள். அது ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், எதிர்முனையைக் கேட்டுத்தான் மின்சாரம் விடும். 24 வோல்ட் பாசிவ் வகை கேட்காமல் விடும், தவறான கருவியில் மாட்டினால் புகைதான். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் 12 வோல்ட் மினி யுபிஎஸ் நல்லது, ஆனால் வெக்கையில் அதன் பேட்டரி சீக்கிரம் தளரும். ஓடு வேய்ந்த கூரைக்கு நேர் கீழே அல்லது மூடிய மர அலமாரிக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

நாள்பட்ட பராமரிப்பு என்று பார்த்தால் அணில்தான் முதல் எதிரி, அடுத்து எலி. உத்தரத்தின் மேல் போகும் கேபிளை அரை அங்குல பிவிசி குழாய்க்குள் விட்டால் தப்பிக்கும். மழை முடிந்ததும் தை மாதம் ஒருதரம் பிளக்குகளைக் கழற்றிப் பச்சைக்களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்ததை வெட்டிவிட்டுப் புதிது போட நீளத்தில் இரண்டடி உபரி விட்டிருக்க வேண்டும். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று வீடு நிறையும்போது கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்துவிட்டு, மெயின் பாஸ்வேர்டை வெளியே கொடுக்காமல் இருந்தால் கேமராக்களுக்கு இடைஞ்சல் வராது.

வெளியூரில் இருந்துகொண்டு பூட்டிய வீட்டைக் கேமராவில் பார்ப்பவர்கள் ஓஎன்டிக்கு ஒரு டைமர் பிளக் போடுங்கள்: விடியற்காலை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் அணைந்து எரியும்படி. தொங்கி நின்றுபோன பெட்டி அதில் தானாக மீண்டுவிடும். பேட்டரி உள்ளே வைத்த டைமராகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் நேரத்தை மறந்து நடுப்பகலில் அணைக்கும். டைமரின் அணைப்பு ஓஎன்டியை எட்ட வேண்டும் என்பதால், நடுவே மினி யுபிஎஸ் இல்லாமல் ஓஎன்டி இன்வெர்ட்டர் பிளக்கிலிருந்து நேராக ஓடும் வீட்டில் மட்டும்தான் இது பயன்படும்.