திருச்சி 936: பழுது பார்த்து வந்த ஒரு ரேடியோ பெட்டியைப் பற்றி

அலைவரிசை மாற்றும் பேண்ட் சுவிட்ச் புதிதாகப் பொருத்தப்பட்டு என் ரேடியோ பெட்டி கடையிலிருந்து திரும்பியதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், அகில இந்திய வானொலியின் நிலையங்கள் செல்பேசியிலேயே கிடைக்கும்போது இதற்கு எதற்குச் செலவு என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் தானும் ஒன்று வாங்கலாமா என்றும் கேட்டார். கும்பகோணத்தில் உட்கார்ந்து திருச்சி நிலையத்தை மத்திய அலையில் (மீடியம் வேவ்), 936 கிலோஹெர்ட்ஸில் கேட்பதற்கென்றே நான் வாங்கிய பெட்டி இது. ஆகவே பெட்டியைப் பற்றிய கருத்தையும் நிலையத்தைப் பற்றிய கருத்தையும் தனித்தனியே சொல்ல எனக்கு வழியில்லை.

முதலில் இரைச்சலைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தப் பெட்டியோடு வாழ்வது என்பது பெரும்பாலும் இரைச்சலோடு வாழ்வதுதான். மத்திய அலை ஒலிபரப்பில் ஒலி, அலையின் வீச்சில், அதாவது அதன் வலிமையின் ஏற்ற இறக்கத்தில், ஏற்றி அனுப்பப்படுகிறது. எல்இடி விளக்கு, செல்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவை உமிழும் மின் இரைச்சலும் அதே வீச்சில் வந்து ஏறிக்கொள்வதால், பெட்டிக்கு இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. வித்துவான் ஆலாபனையை மெல்லத் தணித்து மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், நிறுத்தும் இடத்தில், தம்புரா கேட்க வேண்டிய நேரத்தில், அடுத்த வீட்டு மாடிப்படி விளக்கு கேட்கிறது. பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பிதான் ஏரியல் என்பதால், பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்து, இரைச்சல் குறைந்து நிலையம் மட்டும் நிற்கும் கோணத்தைக் கண்டுபிடிக்கலாம். அந்தக் கோணத்தையும் வீட்டில் யாராவது வேறொரு விளக்கைப் போட்டால் மறுபடி தேட வேண்டும். தெரு முழுவதும் மின்சாரம் போகும்போதுதான் கச்சேரி துல்லியமாகக் கேட்கிறது. மின்வெட்டை வரவேற்கும் மனிதனாக என்னை மாற்றியதை இந்தப் பெட்டியின் குறைகளிலேயே சேர்க்கிறேன். இரைச்சலே இல்லாவிட்டாலும் மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான் என்பதால் உச்ச ஒலிகள் நறுக்கப்பட்டே வரும். மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) நாதம் மழுங்கியே கேட்கும். இதற்குத் தீர்வு என்று சொல்லப்பட்ட டிஜிட்டல் மத்திய அலைக்காக நாட்டில் பல பரப்பிகளை (டிரான்ஸ்மிட்டர்களை) நிறுவினார்கள், ஆனால் அதை வாங்கக்கூடிய பெட்டி எங்கள் ஊர்க் கடைகளில் எதிலும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் கேட்கிறேன் என்றால், நான் தேர்ந்தெடுக்காத இசை வேறெங்கிருந்தும் எனக்கு இந்த ஒழுங்கோடு வருவதில்லை. காலையில் மங்கள இசை என்று ஒரு நாகஸ்வரம் ஒலிக்கிறது. வாசிப்பவர் பெயரை நான் எந்தச் சபா அழைப்பிதழிலும் பார்த்ததில்லை. உருப்படிக்கு முன் அறிவிப்பாளர் ராகம், தாளம், இயற்றியவர் பெயர் ஆகியவற்றை நிதானமாகச் சொல்கிறார், பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களையும் விடாமல் சொல்கிறார். குரல் தேர்வு வைத்து பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரித்து, சிற்றூர்க் கலைஞருக்கும் முறைப்படி சன்மானம் தரும் ஏற்பாடு இந்த ஒலிபரப்புக்குப் பின்னால் இருக்கிறது. வானொலியில் 'ஏ' கிரேடு என்பதைக் கோயில் திருவிழா நோட்டீசில்கூட அச்சிட்டுக்கொள்ளும் அளவுக்கு அதற்கு மதிப்பு உண்டு. பெரும் பாடகரான செம்மங்குடி சீனிவாச ஐயரே சென்னை நிலையத்தில் கர்நாடக இசைக்குத் தலைமைத் தயாரிப்பாளராக இருந்தார். எழுத்தாளர்கள் மீ.ப. சோமுவும் தி. ஜானகிராமனும் வானொலியில் சம்பளம் வாங்கிக்கொண்டே இலக்கியம் செய்தார்கள்.

நியாயமாகப் பேசுவதானால், இதே நிறுவனத்தின் அதிகாரத் தோரணையையும் சொல்லியாக வேண்டும். நம் இசைக்கு ஒவ்வாதது என்று ஆர்மோனியத்தை 1940-இல் விலக்கி, அந்தத் தடையை முப்பது ஆண்டுகள் நீட்டித்தார்கள். 1950களில் அமைச்சர் பி.வி. கேஸ்கர் திரைப்பாட்டை ஓரங்கட்டியதால் நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க 1957-இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியிருந்தது. ஜனங்களுக்கு எது நல்லது என்பதைத் தானே தீர்மானித்த அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால், நான் மேலே புகழ்ந்த காலை நாகஸ்வரமும் இருந்திருக்காது என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

திருச்சி நிலையம் 1939-இல் தொடங்கியது. எங்கள் காவிரி டெல்டாவில் அதற்கு இருக்கும் உரிமை கச்சேரியால் மட்டும் வந்ததன்று. 1960களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைப் பற்றிப் பண்ணை ஒலிபரப்பில் தொடர்ந்து பேசியதைக் கேட்டு விவசாயிகள் பயிரிட்டார்கள். விதை கேட்கப் போனவர்கள் ரகத்தின் எண்ணைச் சொல்லாமல் 'ரேடியோ நெல்' என்றே கேட்டார்கள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தும் பாடப்படும் காலையில், பந்தலுக்குப் போக முடியாதவர்கள் வானொலியின் நேரடி ஒலிபரப்பில் கேட்டு உடன் பாடுகிறார்கள். கூட்டத்தில் நின்றால் பக்கத்தில் பாடுபவரின் குரல் மட்டுமே கேட்கும் என்பதால், இதில் நேயருக்கு நட்டம் என்று சொல்ல மாட்டேன்.

செல்பேசிச் செயலியில் இரைச்சல் இல்லை, உச்ச ஒலிகளும் முழுமையாக வருகின்றன. ஆனால் இணையம் வழியே வருவது சில நொடிகள் தாமதித்தே வரும் என்பதால், நேரம் சொல்லும்போது கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அதில் செல்லாது. நூற்றுக்கணக்கான நிலையங்கள் வரிசையாகத் தெரியும்போது ஒரு ராகம் சூடுபிடிக்கும் முன்பே விரல் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுகிறது. இந்தப் பெட்டியில் பகல் நேரத்தில் உருப்படியாக வருவது திருச்சிதான், ஆகவே பி-ஹை கலைஞரின் மெதுவான விளம்ப காலக் கீர்த்தனையைக்கூட முடியும்வரை கேட்கிறேன்.

ஆனாலும் நண்பருக்கு என் விடை, வாங்க வேண்டாம் என்பதே. வானொலியை நடத்தும் பிரசார் பாரதி பல ஊர்களில் மத்திய அலைப் பரப்பிகளை மூடிவருகிறது. வீடுகளில் இரைச்சல் தரும் கருவிகளோ கூடிக்கொண்டே போகின்றன. நேற்றிரவு ஒரு தோடி ராகத்தை இரைச்சலுக்கு முழுதாகப் பறிகொடுத்த கோபமும் இந்த விடையில் கலந்திருக்கிறது. இதை மீறியும் வாங்குவதானால், பேட்டரியில் ஓடும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே விளக்குகள் எரியும்போது 936-இல் வைத்து, நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.